மலர் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த வீடு

அப்பன்,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று கம்பனிகளின் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "அம்மா, வீடு விக்கிற லைசன்ஸ் வந்திட்டுது. இனி ஒரு புரோக்கரேஜில சேரோணும். உந்த மூண்டில எது எண்டு சொல்லுங்கோ" என்றாய். நான் மீன்குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும், அப்பாவைக் கேள் என்றேன். நீ விடவில்லை. "நீங்களும் ஒருக்கா பார்ட்-ரைம் ஏஜென்ற்றா இருந்தனீங்கள்தானே. ஒரு வருசத்தில விட்டிட்டீங்கள். ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டாய். நேரம் கிடைக்கவில்லை என்றேன். நீ தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாய். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாயே என்று அன்று பின்னேரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரம் எனக்குத் தாராளமாக இருந்தது, அப்பன். நான் விட்டதற்குக் காரணம் வேறு. அதை உன் அப்பாவுக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும், ஆறுதலாக வாசி.

நீ கொண்டுவந்த மூன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஒன்று, மார்க்கம் நகரில் உன் வேலை இடத்துக்குக் கிட்ட இருக்கிற கண்ணாடிக் கட்டடம். அங்கே பயிற்சி வகுப்புகள் உண்டு, மாதா மாதம் கட்டணமும் உண்டு, ஆனால் ஒரு கேள்வி கேட்பதென்றால் இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும் என்று நீயே சொன்னாய். இரண்டாவது, உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி சுகந்தனின் அலுவலகம். கட்டணம் இல்லை, கொமிஷனில் பெரிய பங்கு உனக்கு, விரும்பியபோது வா, விரும்பியபோது போ. அதைச் சொல்லும்போது உன் முகம் மலர்ந்திருந்தது. மூன்றாவதைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற சின்ன அலுவலகம், நடத்துகிறவர் ஒரு வயதான பெண்மணி. "இமிக்ரேஷன் இன்ரவியூ மாதிரி அம்மா! 'பகல் ஒன்பதில இருந்து ஐஞ்சு மட்டும் நீர் வேற வேலையில. அந்த நேரம் உம்மட வாடிக்கையாளர் அவசரமாக் கூப்பிட்டால் ஆர் போன் எடுக்கிறது?' எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்லை. 'யோசிச்சுப்போட்டு வாரும்' எண்டு அனுப்பிப்போட்டா." நீயும் அப்பாவும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் என்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது நான் காருக்கு ஆசனப் பட்டி தைக்கிற தொழிற்சாலையில் காலை வேலை செய்தேன். மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும். உன்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து சாப்பாடு தந்தபிறகு எனக்கு நிறைய நேரம் இருந்தது. எங்களோடு படித்தவர்கள், எங்களுக்குப் பின் வந்தவர்கள் எல்லாம் வீடு விற்று நன்றாக இருந்தார்கள். நானும் வகுப்புக்குப் போனேன், ஆங்கிலத்தில் சோதனை எழுதினேன், பாஸ் பண்ணினேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுததை நீ கண்டிருக்கிறாய். வந்த நாட்டில் என் பெயரில் கிடைத்த முதல் பத்திரம் அது. அடுத்த கிழமையே கிருபா அண்ணையின் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஏன் அங்கே என்று கேட்டால், அவருடைய படம் பஸ் தரிப்பிடங்களில் ஆட்கள் இருக்கிற வாங்கில்களில் எல்லாம் இருந்தது. என்னையும் அப்படி ஒரு படம் எடுப்பித்து, பத்திரிகையில் போடுவதாகச் சொன்னார். "தங்கச்சி, வேலையையும் விடாதையும், இதையும் செய்யும். ஆருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை" என்றார். அந்தக் கடைசி வசனம் எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? நாள் முழுக்க ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே தைக்கிறவளுக்கு அது சுதந்திரம் போலக் கேட்டது. ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போலப் பார்ட்-ரைம் ஆட்கள் அங்கே இருபது பேருக்கு மேல் இருந்தோம். எங்களுக்கென்று போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேசை. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

மலர் அக்காவை உனக்கு நினைவிருக்கும். மட்டக்களப்புப் பக்கம். தொழிற்சாலையில் எனக்கு நேர் எதிரே இருந்து தைத்தவர். என்னைவிட ஆறேழு வயது கூட. என்னைப் "புள்ள" என்றும் "கா" என்றும்தான் கூப்பிடுவார். அவர் கொண்டுவருகிற சாப்பாட்டில் உனக்கென்று ஒரு பங்கு தினமும் என் பைக்குள் வரும். அவருக்கு ஒரு கடைசித் தம்பி இருந்தான். கனடாவுக்கு வந்து இரண்டாவது குளிர்காலத்தில், மல்வேர்ன் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்றில், அந்தப் பிள்ளை தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். வேலையால் வந்த மலர் அக்காதான் முதலில் கண்டார். இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பைக்குள் வைத்திருந்த, கோடு போட்ட சட்டையோடு அவன் நிற்கிற படத்தையும் காட்டினார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. தம்பி போனபிறகு அவரும் கணவரும் நாலு தடவை வாடகை வீடு மாறினார்கள். "சொந்தமா ஒண்டு வேணும் புள்ள. சுவரெல்லாம் எனக்குத் தெரிஞ்ச சுவரா இருக்கோணும்" என்பார். நான் ஏஜென்ற் ஆனேன் என்று கேட்டதும் முதலில் சந்தோசப்பட்டவரும் அவர்தான்.

எட்டு மாதமாக எனக்கு ஒரு வீடும் சரிவரவில்லை. அப்போதுதான் மல்வேர்னில் அந்த வீடு வந்தது. சிவப்புக் கல், முன்னால் ஒரு மேப்பிள் மரம், பக்கத்தில் கராஜ். விற்கிறவர் ஒரு விதவைப் பெண். விற்றுக் கொடுக்கிற ஏஜென்ற் கிருபா அண்ணைதான். "உம்மட ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும், விசயம் எங்கட வீட்டுக்குள்ளையே முடிஞ்சிடும்" என்றார். நான் மலர் அக்காவையும் அவருடைய கணவரையும் கூட்டிப் போனேன். அவர்கள் மேல்மாடியில் யன்னலுக்குச் சீலை அளந்துகொண்டிருந்தார்கள். நான் காருக்குள் இருந்த தாள்களை எடுக்க வெளியே வந்தேன். பக்கத்து வீட்டில், கயானா நாட்டு வயதான பெண் ஒருத்தி பூக்கன்றுகளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வாங்க வந்தவர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் கராஜ் பக்கம் பார்த்து, பாவம் அந்த மனிதர், இதற்குள்தான் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார், அவருடைய மனைவிதான் கண்டவள், அதற்குப் பிறகு அவளால் இங்கே இருக்க முடியவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டு, மறுபடி மண்ணுக்குள் கையை வைத்தாள். மேலேயிருந்து மலர் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் கிருபா அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அடுத்த நாள் இடைவேளையில் எடுத்தேன். மீற்றிங்கில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். விசயத்தைச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரியும் என்பது அவர் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது. "தங்கச்சி, செத்தவர் போயிட்டார், வீடு நிக்குது. கூரை ஒழுகுதோ, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் வேலை செய்யுதோ, உதைப் பாரும். உதெல்லாம் ஆரும் சொல்லுறேல்லை."

"அண்ணை, அவவின்ர தம்பியும்..."

"எனக்கு விளங்குது. அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

"அவ கேட்டால்?"

"கேக்கமாட்டா. கேட்டால் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு விடும்."

அந்த நேரத்தில் நான் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். அவர் விற்கிறவரின் ஆள். நான் வாங்குகிறவரின் ஆள். வாங்குகிறவளுக்கு என்ன சொல்வது என்று நான் போய் விற்கிறவரின் ஆளிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்த அலுவலகத்தில் கேட்பதற்கு வேறொருவரும் இருக்கவில்லை. இருபது பேரும் தனித்தனித் தீவு. ஆனால் இதைக் கிருபா அண்ணையின் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. அடுத்தது நான் செய்தது.

ஒரு சனிக்கிழமை காலை, தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கிற கோப்பிக் கடையில் தாள்களை விரித்து வைத்திருந்தேன். மலர் அக்கா வெள்ளிக்கிழமை விரதம் முடித்து, தலையில் பூ வைத்து வந்திருந்தார். பேனையைக் கையில் எடுத்தவர் அதை மறுபடி மேசையில் வைத்தார்.

"கையெழுத்துப் போட முதல் ஒண்டு கேக்கன் புள்ள. சிரிக்காத."

"கேளுங்கோ அக்கா."

"அந்த வீட்டில ஆரும் தன்னைத் தானே முடிச்சுக்கொண்ட சாவு இருக்கா? வருத்தத்தில, வயசில செத்தாப் பரவாயில்ல கா. அது எல்லா வீட்டிலயும் உள்ளதுதானே. மத்தது மட்டும் வேணாம். என்னால ஏலாது."

"இல்லை அக்கா" என்றேன்.

கொஞ்சமும் தாமதிக்கவில்லை. அந்த வேகத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் பயப்படுகிறேன், அப்பன். யோசித்துச் சொன்ன பொய்யென்றால் யோசித்து அதைத் திருத்தியிருக்கலாம். இது வாயில் தயாராக இருந்தது. எட்டு மாதமாக ஒன்றும் விற்காதவள் என்ற வெட்கம், பத்திரிகையில் வந்த என் படம், அவருடைய சிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம் என்று பல காரணங்கள் பிறகு கண்டுபிடித்தேன். சிரிப்பைக் கெடுக்காமல் காப்பாற்றினேன் என்றுகூடச் சில நாட்கள் என்னை நானே ஏமாற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்று உன்னையும் கூட்டிப் போனேன். உனக்குப் பத்து வயது. பெரியவர்கள் குசினியில் நின்றபோது நீ ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போய்ச் சுவரில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் வீட்டுக்குள் டப், டப் என்று கேட்டது. நான் ஓடிவந்து உன்னைக் கையில் பிடித்து வெளியே இழுத்து, எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் அடித்தேன். உன் வாழ்க்கையில் நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "நான் என்ன செய்தனான்?" என்று கேட்டாய். கல்யாணம் கட்டியபிறகும் ஒருநாள் பகிடியாக அதைக் கேட்டாய். நீ ஒன்றும் செய்யவில்லை, ராசா. நீ பந்தடித்தாய். என் மனதில் இருந்த பயத்துக்கு உன் கன்னம் அடிவாங்கியது. இத்தனை வருடம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

முதல் பனி கொட்டிய கிழமையில் மலர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்தான் பனி வழித்துக்கொண்டு நின்றபோது, ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் மலர் அக்கா வேலைக்கு வந்தார். வழக்கம் போல எதிரே இருந்தார். இயந்திரத்தை இயக்கவில்லை. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா புள்ள?"

"எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதவள் தெரியாது எண்டுதான் சொல்லுவாள். நீ அண்டைக்கு இல்ல எண்டாய்" என்றார். பிறகு இயந்திரத்தைப் போட்டுத் தைக்கத் தொடங்கினார்.

அன்று நான் தைத்த பட்டிகளை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். தெரியாது என்று சொல்லத்தான் கிருபா அண்ணைகூட எனக்குச் சொல்லித் தந்தார். இல்லை என்ற சொல் என்னுடையது. அடுத்த கிழமை மலர் அக்கா பின்னேர வேலைக்கு மாறிப் போய்விட்டார். அவருடைய கதிரையில் வேறொருத்தி வந்து இருந்தாள். உன் பங்குச் சாப்பாடு ஏன் வருவதில்லை என்று நீ கேட்டபோது, அன்ரிக்கு நேரம் மாறிவிட்டது என்றேன். அந்த மாதமே லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கிருபா அண்ணை காரணம்கூடக் கேட்கவில்லை. என் இடத்துக்கு ஆள் வரிசையில் நின்றது.

அவர்களால் அந்த வீட்டை உடனே விற்றுவிட்டுப் போகவும் வழி இருக்கவில்லை. ஒரு வீட்டை வாங்கினால் மாற்று உடுப்பு மாதிரிக் கழற்றிப் போட ஏலாது என்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கேயே இருந்தார்கள். நான் அந்த வீதியால் போகாமல் இருக்கலாம். ஆனால் போவேன். பஸ்ஸில் ஒரு தரிப்பு முந்தி இறங்கி நடந்தாவது போவேன். பத்தொன்பது குளிர்காலம் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பனி கொட்டினாலும் அவர்களுடைய கார் வெளியேதான் நிற்கும். மலர் அக்காவின் கணவர், அவர் இருந்த காலம் மட்டும், காதை மூடிக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் கராஜ் கதவு மூடிக் கிடக்கும். அந்த மனிதர் சுரண்டுகிற சத்தத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. ஆனால் எனக்குக் கேட்கும். நீ பிக்கரிங்கில் புது வீடு வாங்கி முதல் தடவை எங்களைக் கூட்டிப் போனபோது மழை பெய்தது. "நனையாமல் கராஜுக்குள்ளால வாங்கோ அம்மா" என்றாய். நான் நனைந்துகொண்டு முன்வாசலுக்குச் சுற்றி வந்தேன். "அம்மாக்கு மழை எண்டால் காணும், நனையோணும்" என்று உன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாய். எந்த வீட்டுக் கராஜுக்குள்ளும் என் கால் போவதில்லை, அப்பன். உள்ளே யாரோ நிற்பது போல இருக்கும். அந்தக் கராஜில் செத்துப்போன பழைய வீட்டுக்காரரின் முகத்தை நான் கண்டதேயில்லை. அதனால் அவருக்கு மலர் அக்காவின் தம்பியின் முகம்தான் வரும், அந்தப் படத்தில் பார்த்த அதே முகம், அதே கோடு போட்ட சட்டை.

நாலைந்து வருடங்களுக்கு முன் மலர் அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நான் மரண வீட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது மலர் அக்கா எனக்கும் கை தந்தார். எல்லாருக்கும் கொடுத்த அளவுக்குக் கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனபிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலை அப்பாவிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் எடுத்தேன். கதவு மணியை அடித்தபிறகு, திரும்பி ஓடினால் என்ன என்று நினைத்தேன். மலர் அக்கா கதவைத் திறந்தார். எழுபது வயதாகிவிட்டது. முழங்காலில் கை ஊன்றித்தான் நிற்கிறார். பின்னால் மட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இல்லை எண்டு சொன்னனான்" என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"தெரியும் கா" என்றார். "நீ வந்து சொல்லத்தான் இத்தின வருசம் எடுத்திருக்கு. உள்ளுக்கு வா, குளிருது."

தேத்தண்ணி போட்டுத் தந்தார். இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார். மகன் ஏஜென்ற் ஆகப்போகிறான் என்றேன். "பந்தடிச்ச பொடியனா?" என்றார். "பால் காய்ச்சின அண்டைக்கு நீ அவனுக்கு அடிச்சாய். அப்பவே எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரித்தான் இருந்த. புள்ளையில கை வைக்காதவள் ஏன் அடிக்கிறாள் எண்டு யோசிச்சன். பிறகு நல்ல நாளில ஏன் எண்டு விட்டுட்டன்." இதைக் கேட்டபோது எனக்குத் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தெரியவில்லை.

மலர் அக்காவின் மகள் பிக்கரிங்கில் இருக்கிறாளாம், தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம். வீட்டை விற்கப் போகிறார்கள். மகள் பிடித்த ஏஜென்ற் வந்து பார்த்துவிட்டு, "அன்ரி, அது பழைய கதை, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மலர் அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்க வாறவள் ஒருத்தி கேட்டா நான் என்ன சொல்ல புள்ள?"

"உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா."

"சொன்னாப் போயிடுவாள்."

"போகட்டும்."

"விலையும் விழும்."

விழட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவருடைய வீடு, அவருடைய கணவரின் உழைப்பு. அவரே, "கேக்காட்டியும் சொல்லத்தான் போறன். இன்னொருத்தி வந்து என்னைப் போலக் கார வெளியில விட்டுட்டுக் கிடக்கக் கூடாது" என்றார். நான் அழத் தொடங்கினேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "உன்ன மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு வரல்ல கா. வந்தாச் சொல்றன்" என்றார். பிறகு எழுந்து, குசினியிலிருந்து கராஜுக்குப் போகிற கதவின் பூட்டைக் காட்டினார். "எங்கட அவர்ட சாமான் எல்லாம் உள்ளுக்குக் கிடக்கு. அவர் போய் வருவார். நான் ஒருநாளும் போகல்ல. மகளும் மாட்டனெண்டிட்டாள். நீ போய் எடுத்துத் தா."

என்னால் இயலாது என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை. பூட்டைத் திறந்தேன். வாசற்படியில் நின்று கண்ணை மூடினேன், அந்தக் கோடு போட்ட சட்டை வந்தது. கண்ணைத் திறந்தேன். பக்கச் சுவரில் ஒரு சின்ன யன்னல், அதனூடாகக் காலை வெயில். புல்லு வெட்டுகிற இயந்திரம், நாலு பனிக்கால ரயர், பெயின்ற் வாளிகள், ஒரு மடக்குக் கட்டில். தூசி. ஒருவரும் இருக்கவில்லை. உள்ளே நடந்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கொடுத்தேன். மலர் அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கி, ஈரத்துணியால் துடைத்து அடுக்கினார். இது அவர் பொங்கலுக்கு வாங்கினது, இது ஒருநாளும் வேலை செய்யல்ல என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சொன்னார். நான் உள்ளே, அவர் வெளியே. இரண்டு மணித்தியாலம் அப்படியே வேலை செய்தோம். பாதிதான் முடிந்தது.

இப்போது உன் மூன்று கம்பனிகளுக்கு வருகிறேன். கொமிஷனில் எவ்வளவு பங்கு என்று நீ எல்லாரிடமும் கேட்டிருக்கிறாய், அது கேட்க வேண்டியதுதான். இனி மூன்று இடத்துக்கும் மறுபடி போ. நடத்துகிறவரை நேரே பார்த்துக் கேள்: ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தது எனக்குத் தெரியும், விற்கிறவரின் ஏஜென்ற் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார், வாங்குகிறவர் என்னிடம் கேட்கிறார், நான் என்ன சொல்ல? யார் உடனே சிரித்துச் சமாளிக்கிறார், யார் படிவத்தைக் காட்டுகிறார், யார் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து உன்னோடு பேசுகிறார் என்று பார். அன்றைக்கே பதில் சொல்கிற ஒருவர் எனக்கு இருந்திருந்தால் நான் உண்மை பேசியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூன்று நாள் தனியே கிடந்து பொய்யைப் பழக்கியிருக்க மாட்டேன். உனக்கு இது பார்ட்-ரைம். வேலை முடிந்த பின்னேரமும் சனி ஞாயிறும்தான். வாங்குகிறவர்கள் அந்தச் சுவர்களுக்குள் முழு நேரமும் இருப்பார்கள். நீ மார்க்கத்தில் மீற்றிங்கில் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவர்களுடைய கேள்வி வரும். மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற அந்த அம்மா உன்னிடம் கேட்டது அதைத்தான். நீ யோசித்துவிட்டு அவவிடம் திரும்பிப் போ என்பதுதான் என் விருப்பம். சுகந்தனிடம்தான் சேருவேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவனிடமும் கேட்டபிறகு சேர்.

இதை வாசித்தபிறகு என்னை வேறு மாதிரிப் பார்ப்பாய் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் இவ்வளவு காலம் சொல்லவில்லை. பார், அப்பன். நீ எப்படிப் பார்த்தாலும் நான் உன் அம்மாதான்.

வரும் வியாழக்கிழமை மீதிச் சாமான்களை எடுக்க நான் மலர் அக்காவிடம் போகிறேன். சாமான் அடுக்குகிற பெரிய இரும்புத் தட்டு ஒன்று சுவரோடு பூட்டிக் கிடக்கிறது, என்னால் தனியே கழற்ற முடியாது. லீவு கிடைத்தால் நீயும் வா. ஏஜென்ற் என்று உன் பெயரில் அட்டை அடித்திருந்தால், அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

அம்மா